அன்றைய நாளின் தொடக்கத்தில்

லீட்ஸ் நகரில் இருபத்தாறு ஆண்டுகளாக
வில்லங்கம் தேடிப் பிழைக்கிறேன்.
முன்பெல்லாம் கீழே பார்த்தால் போதும்:
வீட்டுக்கடியில் கைவிட்ட நிலக்கரிச் சுரங்கம் ஓடுகிறதா,
சாக்கடை யார் பொறுப்பு,
ஏர் ஆறு எந்த ஆண்டில் எந்தப் படிவரை ஏறியது.
(ஏர் என்று பெயர்தான், உழுததில்லை.
ஒரே ஒருமுறை எங்கள் அலுவலகக் கீழறையை உழுதது.)

இப்போது சுவருக்குள் பார்க்கச் சொல்கிறது சட்டம்.
வெளித்தோலுக்கும் உள்ளெலும்புக்கும் நடுவே
என்ன அடைத்தார்கள், பற்றினால் எவ்வளவு வேகம்,
பிய்த்து மாற்ற யார் பணம் தருவது.

டேனர்ஸ் வார்ஃப், ஃப்ளாட் நாற்பத்து மூன்று.
விற்பவர் ஹெஸ்டர் ஆக்டன்.
வாங்குபவர் ருவிம்போ சிகாரா, இரவுப்பணிச் செவிலி;
கேள்விகள் அவளிடமிருந்து
அதிகாலை நான்கு மணிக்கு வரும்.

உயரமே முதல் தகராறு.
தெருப்பக்கம் நின்று அளந்தால் பதினேழு மீட்டர் அறுபது.
ஆற்றுப்பக்கம் இறங்கி அளந்தால் பதினெட்டு இருபது.
பதினெட்டைத் தொட்டுவிட்டால்
பதிவேடு, பொறுப்பாளர், பாதுகாப்புக் கோப்பு.
தாழ்ந்த தரையிலிருந்து அளப்பதே விதி.
நிலச்சொந்தக்காரரோ ஜெர்சித் தீவில் ஓர் அஞ்சல்பெட்டி.
அஞ்சல்பெட்டிக்குத் தெருப்பக்கம்தான் பிடித்திருக்கிறது.

அப்புறம் அந்தப் பத்திரம்.
இரண்டாயிரத்து இருபத்திரண்டு, பிப்ரவரி பதினான்கு,
அன்றைய நாளின் தொடக்கத்தில்
இதுதான் உங்கள் முதன்மை வீடா?
அப்பா விட்டுப்போன வாடகை வீடுகள்
ஹல் நகரில் மூன்று இருப்பதால்
ஹெஸ்டரால் இந்தக் கேள்வியைத் தாண்டிப்போக முடியாது.
ஆம் என்றால் சுவரின் கடன் பெரும்பாலும் சொந்தக்காரர் தலையில்.
இல்லை என்றால் ஃப்ளாட்டோடு சேர்ந்து கைமாறும்.

தேதியைக் குறித்தவர்கள்
அன்று யாருக்கும் பூ வாங்கவேண்டியிருக்கவில்லை போலும்.

"பதின்மூன்றாம் தேதி இரவு கிளம்பிவிட்டேன்," என்றாள்.
"விட்பியில் தங்கை வீட்டுக்கு. ஒரு பெட்டி.
கேலம் கையிலிருந்த கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை."

ஓர் இரவு வெளியே தூங்கினால்
வீடு வீடில்லாமல் போகாது என்றேன்.

"இனித் திரும்புவதில்லை என்று
காரிலேயே முடிவுசெய்துவிட்டேன்.
பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பினேன்,
அவன் போன பிறகு. அது வேறு.
முடிவெடுத்தது நள்ளிரவுக்கு முன்பா பின்பா,
அதுதான் நினைவில்லை."

அதற்குக் கட்டம் இல்லை பத்திரத்தில்.

சான்றுகளைப் பரப்பினாள்:
நகராட்சி வரி ரசீது, மின்கட்டணம்,
பூக்கடைக்காரன் விட்டுப்போன அட்டை ஒன்று:
பிப்ரவரி பதினான்கு, காலை பதினொன்று ஐந்து,
ஆளில்லை, கதவருகே வைத்திருக்கிறோம்.
முகவரி சரி. பெயர் சரி.
ரசீதை எடுத்துக்கொண்டு அட்டையை அவள் பக்கம் தள்ளினேன்.
அவள் மறுபடி என் பக்கம் தள்ளினாள்.

நடந்ததை நடந்தபடி ஒரு தாளில் எழுதி,
பத்திரத்தோடு ஊசி குத்தி அனுப்பினோம்.
அஞ்சல்பெட்டிக்கு நான்கு வாரம் அவகாசம்.
ருவிம்போவின் வங்கி காத்திருப்பது மூன்று வாரம்.

நான்கு மணிக்கு மின்னஞ்சல்:
'யாரோ ஒரு பெண் நான்கு வருடம் முன்பு
எங்கே தூங்கினாள் என்பது
என் வீட்டுக்கு எதற்கு?'
மூன்று பதில் எழுதி மூன்றையும் அழித்தேன்.
'விதி' என்று தொடங்கிய நான்காவது
இன்னும் அனுப்பாமல் கிடக்கிறது.

மாலை பேருந்து அந்தப் பக்கமாகத்தான் போகும்.
மூன்றாம் மாடியில் சுவரைத் திறந்து வைத்திருக்கிறார்கள்;
மஞ்சள் பஞ்சு, மழையில் நனைந்து, தொங்குகிறது.
ஒரே ஒரு ஜன்னலில் விளக்கு.
அவளுடையதா என்று
கீழிருந்து மாடிகளை எண்ணத் தொடங்கினேன்,
எந்தப் பக்கத்துக் கீழிலிருந்து என்று தெரியாமல்
பாலம் வந்துவிட்டது.